செக்டார் கூட்டத்துல கிடைக்கிற முக்கால் மணி நேரத்துல அங்கன்வாடி டீச்சர்மாருக்கு எதை, எப்படிப் பழக்குறது?

முக்கூடல்காரி:

அக்காமாரே, அண்ணாச்சிமாரே, வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் அங்கன்வாடி மேற்பார்வையாளரா இருக்கேன். என் பொறுப்புல உள்ள மையங்களுக்கு மாசாமாசம் நடக்குற செக்டார் கூட்டத்துக்கு இருபதுக்கு மேல டீச்சர்மார் வருவாங்க. போஷன் டிராக்கர் ஆப்ல பதிவு, எடை உயரம், முட்டை இருப்பு, சத்துமாவு கணக்கு எல்லாம் முடிச்சா கடைசியில முக்கால் மணி நேரம் மிஞ்சுது. அதுல முன்பருவக் கல்வி பத்திப் பேசணும்.

‘போஷன் பி, படாய் பி’ (சத்துணவும் உண்டு, படிப்பும் உண்டு) திட்டத்துல 3 நாள் பயிற்சிக்குப் போயிட்டு வந்திருக்காங்க. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ன்னு முன்பருவக் கல்விக் கையேடும் கையில இருக்கு. என்ன செய்யணும்னு கேட்டா எல்லாரும் சரியாச் சொல்லுதாங்க. மையத்துக்குப் போய்ப் பார்த்தா பிள்ளைங்க வரிசையா உக்காந்து பாட்டைத் திருப்பிச் சொல்லுதாங்க, கதையை ஒரே மூச்சுல வாசிச்சு முடிக்காங்க, விளையாட்டுச் சாமான் பீரோவுக்குள்ள பூட்டிக் கெடக்கு. 11 மணிக்கு உலை வச்சதும் ஆயா அடுப்படிக்குப் போயிருதாங்க, அதுக்கப்புறம் டீச்சர் ஒத்தையா எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டியிருக்கு.

டீச்சர்மார்ல முப்பது வருஷ அனுபவம் உள்ளவங்களும் உண்டு, டிகிரி முடிச்சுட்டு இப்பதான் சேர்ந்தவங்களும் உண்டு. திரும்பவும் சார்ட் ஒட்டி நானே பேசிக்கிட்டு இருக்க மனசில்லை. மாசம் ஒரு தலைப்புன்னு எடுக்கணுமா? பழகிப் பார்க்க எப்படி வைக்கிறது? மையத்துக்குப் போய்ப் பார்க்கும்போது இன்ஸ்பெக்‌ஷன்னு பயப்படாம இருக்க என்ன செய்யணும்? அனுபவம் உள்ளவங்க விவரமா எழுதுங்க.


பொருநைக்கரை:

தங்கச்சி, முதல் வேலையாகக் கூட்டத்தின் வரிசையை மாற்றுங்கள். கணக்கு வேலை முடிந்து மிஞ்சும் நேரத்தில் பயிற்சி வைத்தால் பாதிப் பேர் பஸ் நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பயிற்சியை முதலில் வைத்து, 40 நிமிடத்தில் கறாராக முடித்துவிட்டு ரிஜிஸ்டரைத் திறங்கள். கணக்கு எப்படியும் முடிந்தே தீரும், அதைச் செய்யாமல் யாரும் வீட்டுக்குப் போகப்போவதில்லை.

அடுத்தது தலைப்பு. ‘கதை சொல்லுதல்’ என்பது தலைப்பு. அதை வைத்து ஒரு நாள் முழுக்கப் பேசலாம், மறுநாள் மையத்தில் எதுவும் மாறியிருக்காது. ‘கதையில் பக்கத்துக்கு ஒரு கேள்வி கேட்டு, மனசுக்குள் மூன்று எண்ணும்வரை வாய் திறக்காமல் காத்திருத்தல்’ என்பது ஒரு செயல். நீங்கள் மையத்தில் 5 நிமிடம் உட்கார்ந்தால் அது நடக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். அப்படிப் பார்க்க முடிகிற அளவுக்குச் சின்னதான ஒன்றை எடுத்து, 2 மாதம் அதையே வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 6 பழக்கம் என்றால் குறைவாகத் தெரியும். 6 பழக்கம் நிலைத்துவிட்டால் அந்த மையமே வேறு மையம்.

காத்திருப்பதை முதலாவதாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு விநாடிதான் பொறுத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின, பதிலே இல்லாமல் போகும் கேள்விகள் குறைந்தன. இதற்குச் சாமான் வேண்டாம், காசு வேண்டாம், பட்டப்படிப்பும் வேண்டாம். ஆனால் பழகாமல் வராது. மூன்று எண்ணுவதற்குள் கை பரபரக்கும், பதிலை நாமே சொல்லிவிடுவோம்.

அது கைக்கு வந்த பிறகு அடுத்த 2 மாதம், பிள்ளை சொன்னதை நீட்டிச் சொல்வது. பிள்ளை “நாய் ஓடிட்டு” என்றால் டீச்சர் “ஆமா, கறுப்பு நாய் வேகமா ஓடிட்டு. எங்க ஓடிருக்கும்?” என்று ஒன்றிரண்டு சொல் கூட்டித் திருப்பித் தர வேண்டும். அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட உரையாடல் வாசிப்பு முறையின் நடு நரம்பே இதுதான்: கேட்பது, பதிலை ஏற்பது, நீட்டுவது, பிள்ளையையும் ஒருமுறை சொல்லவைப்பது. இதில் வழக்கமாகக் கெடுவது ஒன்று. பிள்ளை வீட்டுப் பேச்சில் சொன்னதை “ஓடிவிட்டது என்று சொல்லு” எனத் திருத்தத் தொடங்குவார்கள். திருத்தினால் பிள்ளை அடுத்த தடவை வாயே திறக்காது. டீச்சரின் காதில் விழும்படி இதை அழுத்திச் சொல்லுங்கள்.

40 நிமிடத்தைப் பிரிக்க ஒரு வழி. முதல் 5 நிமிடம் போன மாதம் செய்ததைப் பற்றி. “செஞ்சீங்களா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். “எந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லிச்சு?” என்று கேளுங்கள். செய்தவரிடம் மட்டும்தான் அதற்குப் பதில் இருக்கும். அடுத்த 7 நிமிடம் நீங்களே செய்து காட்ட வேண்டும். பிறகு 18 நிமிடம் மூன்று பேர் மூன்று பேராகப் பழகுதல்: ஒருவர் டீச்சர், ஒருவர் பிள்ளை, ஒருவர் பார்வையாளர். 4 நிமிடம் செய்வது, 2 நிமிடம் பேசுவது, பிறகு இடம் மாறுவது. மூன்று சுற்றில் மூவரும் டீச்சராக ஒருமுறை உட்கார்ந்திருப்பார்கள். மீதி 10 நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் எந்தக் கிழமை, எந்தக் கதை, எந்த 6 பிள்ளைகள் என்று எழுதி வைத்துக்கொள்வது. கிழமை எழுதாத திட்டம் நடக்காது.

பழகும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். பெரியவர்கள் பிள்ளையாக நடித்தால் நல்ல பிள்ளையாகவே நடிப்பார்கள், கேட்டதும் பதில் சொல்லிவிடுவார்கள். அதனால் சீட்டு எழுதிக் குலுக்குங்கள்: ‘விரல் சூப்பிக்கொண்டு பேசாமலிருக்கும் பிள்ளை’, ‘எல்லாவற்றுக்கும் நானு நானு என்கிற பிள்ளை’, ‘கதையில் இல்லாத மாமா வீட்டுக் கோழியைப் பற்றிச் சொல்கிற பிள்ளை’. மூன்றாவது சீட்டுதான் மிகவும் பயன் தருவது. அந்தக் கோழியை ஒதுக்கிவிடாமல், ஆனால் கதையையும் விடாமல் கொண்டுபோகத் தெரிய வேண்டும்.

இன்னொரு சறுக்கல் பார்வையாளரிடம். “நல்லா இருந்துச்சுக்கா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்கு எண்ணும் வேலை கொடுங்கள். டீச்சர் எத்தனை தடவை மூன்று எண்ணும்வரை பொறுத்தார் என்று தாளில் கோடு போட வேண்டும், அவ்வளவுதான். அபிப்பிராயம் வேண்டாம். கோட்டைப் பார்த்து டீச்சரே பேசுவார். மூத்தவர் இளையவர் முன்னால் கூச்சப்படுவதும் இதில் பெரிய அளவு குறையும். பக்கத்துப் பக்கத்து ஊர் மையங்களாகச் சேர்த்து மூவர் குழு அமையுங்கள், வருஷம் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கம், செய்துகாட்டல், பழக்கம், பழகும்போதே கருத்து, பிறகு வேலையிடத்தில் கூட இருந்து துணை, இவை ஐந்தும் சேர்ந்தால்தான் பயிற்சி வகுப்பறைக்குள் போகும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980-லேயே எழுதினார்கள். நம் பயிற்சிகளில் முதல் இரண்டு தாராளமாக இருக்கும். கடைசி இரண்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன, மேற்பார்வையாளரைத் தவிர வேறு யாரும் மாதாமாதம் அந்தப் படியேறுவதில்லை.

மையத்துக்குப் போகும்போது ரிஜிஸ்டரைத் தொடாமல் முதலில் பிள்ளைகளோடு உட்காருங்கள். 10 மணியிலிருந்து 10:30 வரை நல்ல நேரம். பேனாவை எடுத்து நீளமாக எழுதினால் டீச்சருக்குக் கை நடுங்கும். பார்த்து முடித்ததும் ஒரு தாளில் இரண்டே வரி: இன்று நடந்ததில் விடக் கூடாத ஒன்று, அடுத்த கூட்டத்துக்குள் செய்து பார்க்க ஒன்று. அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள். மேலே போகும் அறிக்கையில் அது ஏறாது என்பது இரண்டு மூன்று முறை நடந்த பிறகுதான் நம்புவார்கள், பொறுத்திருங்கள். அவர் கேட்டால் நீங்களே 5 நிமிடம் பிள்ளைகளை எடுத்து நடத்துங்கள். அதைப்போல மரியாதை தருவது வேறில்லை.

அடுப்படிச் சிக்கலை நீங்கள் எழுதியது மிக முக்கியம். ஆறு ஏழு பிள்ளைகளைத் தனியே எடுத்து நடத்துவது ஆயா கூட இருக்கும்போதுதான் முடியும். ஆகவே உலை வைப்பதற்கு முன்னால் 20 நிமிடத்தைச் சிறு குழுவுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அந்த நேரம் மற்றப் பிள்ளைகள் ஆயாவிடம். அதற்கு ஆயாவுக்கும் பழக்கம் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆயாக்களையும் கூட்டி வாருங்கள். ஒத்தை ஆளாகப் பார்க்கும் நேரத்தில் மரக்கட்டை, செப்புச் சாமான், இலை பிரித்து அடுக்குதல் மாதிரி தானாக நடக்கும் விளையாட்டு மட்டும். கொட்டை, தண்ணீர், கத்தரிக்கோல் மூன்றும் அந்த நேரத்தில் வெளியே வரக் கூடாது.


வள்ளியூர் டீச்சர்:

மேடம், பீரோ பூட்டிக் கெடக்குறதுக்கு டீச்சர்மாரைக் குத்தம் சொல்லாதீங்க. சாமான் இருப்புப் பதிவேட்டுல ஏறியிருக்கு. ஒரு கட்டை காணாமப் போனா, ஒரு பொம்மை கை ஒடிஞ்சா, ஆடிட்டுக்கு வரும்போது டீச்சர்தான் பதில் சொல்லணும். அதான் பூட்டுதாவ. நீங்க கூட்டத்துல எல்லார் முன்னாலயும், “பிள்ளைங்க விளையாடி ஒடைஞ்சதை ஒடைஞ்சதுன்னு தேதி போட்டு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுதேன்”னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போட்டும் காட்டுங்க. மறு மாசமே பீரோ தொறக்கும். எத்தனை பயிற்சி வச்சாலும் அதைச் செய்யாம தொறக்காது.

நம்ம பக்கத்துல கெடைக்குறதை வச்சே பாதி சாமான் செஞ்சுக்கிடலாம். பனங்கொட்டையைத் தண்ணியில ஊறப்போட்டு நாரை உரிச்சு நல்லா காயவச்சா உருட்ட, அடுக்க, எண்ண, எல்லாத்துக்கும் ஆகும். அது பெருசுங்கிறதால வாயில போகாது. காயாம வச்சா ரெண்டு நாள்ல பூசணம் பூத்துரும், வெயில்ல ஒரு வாரம் கெடக்கணும். புளியங்கொட்டை நாலு வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்கு மட்டும். டப்பா மேல 30ன்னு எழுதி, எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கணும். ஒண்ணு கொறைஞ்சா பிள்ளைங்களை எந்திரிக்க விடாம தேடணும், மூக்குக்குள்ளயோ காதுக்குள்ளயோ போயிருக்கும். மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க கையில 3.2 சென்டிமீட்டர் குழாய்க்குள்ள நுழையிற எந்தப் பொருளையும் கொடுக்கக் கூடாது. அது தொண்டையை அடைக்கிற அளவு.

களிமண் காருகுறிச்சி பக்கம் பானை செய்யுறவங்ககிட்ட கேட்டா கெடைக்கும். கல்லு பார்த்து சலிச்சு, ராத்திரி ஊறவச்சு, காலையில பிசைஞ்சு ஈரத்துணி போட்டு மூடி வைக்கணும். களிமண் கெடைக்காத ஊருல மாவு பிசைஞ்சுக்கிடலாம்: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், எண்ணெய் 2 கரண்டி, தண்ணி முக்கால் கப்புல ஆரம்பிச்சுக் கொஞ்சங்கொஞ்சமா. கலருக்கு மஞ்சத்தூள். மூடி உள்ள டப்பாவுல ஒரு வாரம் தாங்கும். மழைக்காலத்துல உப்பு ஈரத்தை இழுத்து மாவு கசகசன்னு ஆகும், கொஞ்சம் மைதா தூவிப் பிசைஞ்சாப் போதும். உப்பு சாஸ்தி, அதனால எதையும் வாயில போடுற பிள்ளைக்கு இதைக் கொடுக்காதீங்க.

சத்தம் கண்டுபிடிக்கிற டப்பா ஒண்ணு இருக்கு. ஒரே மாதிரி ஆறு சின்ன டப்பா எடுத்து, ரெண்டுல அரிசி, ரெண்டுல மணல், ரெண்டுல புளியங்கொட்டை போட்டு மூடியை டேப் சுத்தி ஒட்டிரணும். குலுக்கிப் பார்த்து ஜோடி சேக்கணும். அளவு ஒரே மாதிரி போடணும், ஒண்ணுல நிறைய ஒண்ணுல கொஞ்சம்னு போட்டா சத்தம் மாறிப் பிள்ளைக்குக் குழப்பம் வரும்.

இதையெல்லாம் கூட்டத்துல செய்யச் சொல்லும்போது செஞ்சு முடிச்ச சாமானைக் காட்டாதீங்க மேடம். செய்யத் தேவையானது எல்லாத்தையும் கொண்டாந்து கொட்டி, அங்கனயே ஒவ்வொருத்தரும் ஒரு செட்டு செஞ்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும். வீட்டுக்குப் போய்ச் செய்யச் சொன்னா செய்ய மாட்டோம், வேலை அப்படி.


முக்கூடல்காரி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பதிவேட்டுல கையெழுத்து விஷயம் இந்த மாசமே செஞ்சுருதேன். மூவர் குழுவும் சரியாத் தோணுது.

இன்னொண்ணு கேக்கணும். தாய்மார் கூட்டத்துல ஒரே பேச்சு, “எழுத வைங்க”. பக்கத்துல உள்ள நர்சரியில எல்.கே.ஜி. பிள்ளை ரெண்டு பக்கம் எழுதிட்டு வருதாம். நம்ம பிள்ளை ஆடிட்டுப் பாடிட்டு வருதாம். டீச்சர்மாரும் பயந்துபோய் மூணு வயசுப் பிள்ளை கையில சிலேட்டுக்குச்சியைப் பிடிச்சு எழுத்து மேல எழுத்து எழுத வைக்காங்க. இங்க பாதித் தாய்மார் பீடி சுத்துறவங்க. அவங்ககிட்ட டீச்சர் என்ன சொல்லணும்? அதையும் ஒரு பயிற்சியா வைக்க முடியுமா?


பத்தமடைப் பாய்:

வைக்கலாம், வைத்தே ஆக வேண்டும். தாய்மாரிடம் பேசுவதும் டீச்சரின் தொழில்திறன்தான். அதற்கு யாரும் பயிற்சி தருவதில்லை என்பதால்தான் அவர்கள் பயந்து சிலேட்டை எடுக்கிறார்கள்.

முதலில் டீச்சருக்கே வரிசை தெளிவாக இருக்க வேண்டும். எழுத்து விரலில் தொடங்குவதில்லை, தோளில் தொடங்குகிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று பலம் கீழே இறங்கி வரும். மூன்று வயதுப் பிள்ளை குச்சியை முஷ்டியாகப் பிடிப்பது அதன் வயதுக்குச் சரியான பிடி. அதைப் பிரித்து மூன்று விரலில் திணித்தால் குச்சியை அழுத்திப் பிடித்துக் கை வலிக்கும், எழுதுவதையே வெறுக்கும்.

ஆகவே மூன்று வயதுக்குத் தரையில் சாக்பீஸால் பெரிய பெரிய கிறுக்கல், சிமெண்டுச் சுவரில் பெயிண்ட் பிரஷைத் தண்ணீரில் முக்கிக் கோடு போடுதல். சுவரில் நின்றுகொண்டு மேலிருந்து கீழே இழுக்கும்போது தோளும் மணிக்கட்டும் சேர்ந்து வேலை செய்யும். வெயிலில் கோடு காய்ந்து மறையும், திரும்பப் போடலாம், செலவு ஒரு பிரஷ்தான். நாலு வயதுக்குக் களிமண் உருட்டல், தாள் கிழித்து ஒட்டல், பெரிய மணி கோத்தல். ஐந்தை ஒட்டி நின்ற கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு, வளைவு. அதற்குப் பிறகு எழுத்து. அப்போதும் அகர வரிசையில் ‘அ’வில் தொடங்க வேண்டாம், அது சுழியும் வளைவும் கோடும் கலந்த கடினமான எழுத்து. ட, ப, ம என்று பெரும்பாலும் கோட்டால் ஆனவற்றில் தொடங்கினால் பிள்ளைக்கு முதல் நாளே கைகூடும்.

காதுக்கான வேலை இதற்கு இணையாக ஓட வேண்டும். சொல்லைக் கைதட்டிப் பிரிப்பது: அல்-வா இரண்டு தட்டு, தா-மி-ர-ப-ர-ணி ஆறு தட்டு. பிள்ளைகளின் பெயரிலிருந்தே தொடங்குங்கள். பிறகு ‘ப’ சத்தத்தில் தொடங்கும் பொருள்களைக் கூடையிலிருந்து எடுப்பது: பனங்கொட்டை, பந்து, பல்பம். இந்தக் காது இல்லாமல் 247 எழுத்தையும் எழுதிப் பழகிய பிள்ளை, எழுத்தைப் படமாக வரையும், வாசிக்கத் தெரியாது. ஒன்றாம் வகுப்பில் போய்த் திணறுவது அங்கேதான்.

இனி தாய்மார். இதை ஒரு செக்டார் கூட்டத்தில் மூவர் குழுவாகவே பழகுங்கள்: ஒருவர் டீச்சர், ஒருவர் கோபமாக வந்த தாய், ஒருவர் எண்ணுபவர். எண்ண வேண்டியது, டீச்சர் எத்தனை தடவை பிள்ளையின் பெயரைச் சொல்லி, அது செய்த ஒன்றைச் சொன்னார் என்பது. ‘விளையாட்டு வழிக் கல்வி’ என்ற சொற்றொடர் தாய்மாருக்கு எதையும் சொல்லாது. “உங்க பிள்ளை ஜூன்ல குச்சியை இப்படிப் பிடிச்சான், ஆகஸ்ட்ல இப்படி, இப்போ வட்டத்தை மூடுதான் பாருங்க” என்று மூன்று தாளைக் காட்டினால் பேச்சே மாறிவிடும். அதற்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உறை, மாதம் ஒரு தாள், தாளின் பின்னால் தேதி. தேதி போட மறந்த தாள் எதற்கும் உதவாது, டீச்சர்கள் அடிக்கடி தவறவிடுவது அதைத்தான்.

பீடி சுற்றும் தாய்மார் என்கிறீர்கள். விரல் பழக்கம் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முதல் கட்டு சுற்ற எத்தனை நாள் ஆனது, விரல் எப்படித் திரும்பியது என்று அவர்களையே பேசவிட்டு, பிள்ளையின் விரலுக்கும் அந்த அவகாசம் வேண்டும் என்று சொன்னால் உடனே பிடிபடும். பிறகு இடது கையால் அவர்கள் பெயரை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது வரியில் கை வலிக்கிறது என்பார்கள். கூட்டத்தில் எழுதத் தெரியாத தாய் ஒருவர் இருந்தாலும் அதைத் தவிர்த்துவிட்டு, எல்லாரையும் இடது கையால் கோலம் போடச் சொல்லுங்கள். யாரும் தலைகுனியும்படி ஆகிவிடக் கூடாது.


ராதாபுரம் காத்தாடி:

மேலே எழுதியவற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: குறிப்பெழுதுதல். ஆறு பழக்கத்தில் ஒன்றாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

‘மந்தமான பிள்ளை’, ‘சேட்டை’, ‘ஆர்வமில்லை’ என்று பதிவேட்டில் எழுதினால் அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. ‘14-ஆம் தேதி, 10:40. பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. கை தட்டினேன், திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பிச் சிரித்தாள்’ என்று எழுதியிருந்தால் மருத்துவர் ஒரே பார்வையில் காதைச் சோதிப்பார். 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். வந்தால் ஒரு பிள்ளையிடம் நின்று பார்க்கச் சில நிமிடம்தான் கிடைக்கும். அந்தச் சில நிமிடத்துக்கு டீச்சரின் இரண்டு வரிக் குறிப்புதான் கண். அவர்கள் வருகிற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், சந்தேகம் எழுந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அப்போதே அனுப்பலாம். பேச்சு வரும் வயதில் காது கேளாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நட்டம்.

மூன்று வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, வீட்டார் தவிர வேறு யாருக்கும் புரியாதபடி பேசும் பிள்ளை, முன்பு பேசிய சொற்களை விட்டுவிட்ட பிள்ளை, கூப்பிட்டால் முகம் பாராத பிள்ளை, இவர்களைக் குறித்துவைக்க டீச்சருக்குத் தெரிய வேண்டும். நோயின் பெயர் வைப்பது டீச்சர் வேலை கிடையாது. தாயிடம் பெயர் எதுவும் சொல்லவும் கூடாது. “இதைப் பார்த்தேன், ஒருமுறை காட்டிட்டு வருவோம், நானும் கூட வாரேன்” என்பதே போதும்.

25 பிள்ளைகளுக்கும் தினமும் எழுத முடியாது. நாளுக்கு 3 பிள்ளை, ஆளுக்கு இரண்டு வரி. 9 வேலை நாளில் எல்லாரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். பெயர்களை முன்கூட்டியே நாட்காட்டியில் எழுதிவைக்காவிட்டால் சேட்டை செய்யும் பிள்ளைகளைப் பற்றி மட்டுமே குறிப்பு சேரும், அமைதியாக மூலையில் இருப்பவர்கள் விடுபட்டுப்போவார்கள். காது கேளாத பிள்ளை பெரும்பாலும் அந்த மூலையில்தான் இருக்கும்.

பயிற்சிக்கு: ஒரு நிமிட வீடியோ ஒன்றை எல்லாருக்கும் காட்டுங்கள், ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதட்டும். பிறகு வாசித்து, ‘பார்த்தது’ எது, ‘நினைத்தது’ எது என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள். மூன்று கூட்டத்தில் எழுத்து மாறுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். வீடியோவுக்குப் பெற்றோர் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.


களக்காட்டுக் கதலி:

மேற்கொண்டு படிக்க விரும்பும் டீச்சர்களும் உங்கள் செக்டாரில் இருப்பார்கள் என்பதால் சுருக்கமாக. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஆரம்பக் குழந்தைப் பருவப் பராமரிப்பும் கல்வியும் பட்டயப் படிப்பு இருக்கிறது, குறைந்தது ஓராண்டு, வேலையில் இருந்துகொண்டே முடிக்கலாம். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆவணம் பிளஸ் டூ முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ், அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம், மாதம் ஒரு நேர் வகுப்பாவது என்று சொல்கிறது. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் செய்முறைப் பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம் என்பதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டச் சொல்லுங்கள். சான்றிதழ் மட்டும் தருகிற இணைய வகுப்புகள் நிறைய முளைத்திருக்கின்றன. இடையிடையே செய்துகாட்ட ஆள் வேண்டுமென்றால் முனைஞ்சிப்பட்டி மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனத்தைக் கேட்டுப் பாருங்கள்.

பாடத்திட்டத்தில் ஒரு கவனிப்பு. ஒன்றிய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024-இல் மூன்று முதல் ஆறு வயதுக்கு வெளியிட்ட ‘ஆதார்ஷிலா’ பாடத்திட்டம் 48 வாரத்துக்கானது. முதல் 4 வாரம் பழகிக்கொள்ள, 36 வாரம் செயல்பாடு, கடைசி 8 வாரம் படித்ததை வலுப்படுத்த. நடு ஆண்டில் சேரும் பிள்ளைக்கும் அந்த முதல் 4 வாரம் உண்டு என்பதை டீச்சர்களுக்கு நினைவூட்டுங்கள். அழுதுகொண்டு வந்த பிள்ளையை 20-ஆம் வாரச் செயல்பாட்டில் உட்காரவைத்தால் அது மறுநாள் வராது.


முக்கூடல்காரி:

எல்லாரும் இவ்வளவு விவரமா எழுதினதுக்கு நன்றி. கடைசியா ஒரு சந்தேகம். இருபது மையத்துக்கும் மாசாமாசம் போய் அரை மணி நேரம் உக்கார எனக்கு முடியாது, வேற வேலையும் இருக்கு. மூவர் குழு ஒருத்தர் மையத்தை ஒருத்தர் போய்ப் பார்க்கலாம்னா, போற நாள்ல அவங்க மையத்தை யார் பார்ப்பா?


பொருநைக்கரை:

மையத்தை விட்டுவிட்டுப் போகச் சொல்லாதீர்கள், அது சரிவராது. மாதம் 7 மையம் மட்டும் போங்கள், மூன்று மாதத்தில் எல்லாரையும் சுற்றிவிடலாம். புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் மாதாமாதம். மற்ற மாதங்களுக்கு போன் போதும். கதை நேரத்தில் போனைப் பக்கத்து ஜன்னல் திட்டில் வைத்து 4 நிமிடம் குரலை மட்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள். முகம் எதுவும் பதியாது. ராத்திரி அவரே போட்டுக் கேட்டு, கேள்விக்கும் தன் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை மட்டும் மூவர் குழுவில் மற்ற இருவருக்கும் சொல்ல வேண்டும். பதிவை அனுப்ப வேண்டாம், கேட்டு முடித்ததும் அழித்துவிடலாம். நீங்கள் கேட்டு வாங்கவும் வேண்டாம், வாங்கினால் அது நல்லபடியாக நடத்திக் காட்டிய பதிவாகத்தான் இருக்கும். மின்விசிறி ஓடினால் பிள்ளைகளின் குரல் கேட்காது, அந்த 4 நிமிடம் மட்டும் விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள்.